பத்து ரூபாய் கேட்ட கஸ்டமர் கேர்!

பிள்ளை பெற்ற வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு துணி சேரும் என்று, பிள்ளை பெற்ற சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் ஐப்பசியில் என் மகளுக்குப் பிரசவம் ஆயிற்று. தாயையும் பிள்ளையையும் திண்டுக்கல்லுக்கு நம் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். குழந்தையின் துண்டுத் துணிகள் ஒரு பக்கம், படுத்த படுக்கையாக இருக்கும் என் மாமியாரின் போர்வைகள் மறு பக்கம். போதாததற்குக் கார்த்திகை மழை வேறு. கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரம் மாறாமல் வாடை அடித்தது.

அந்த நேரம் பார்த்து வாஷிங் மெஷின் நின்றுவிட்டது.

நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை. உள்ளே தண்ணீரையும் துணியையும் வைத்துக்கொண்டு, கதவையும் பூட்டிக்கொண்டு, ஏதோ ஒரு எழுத்தையும் எண்ணையும் காட்டிக் 'கீக் கீக்' என்று கத்தியது. அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று புத்தகத்தில் தேடலாம் என்றால், புத்தகத்தில் எழுத்து எறும்பு அளவு. கண்ணாடி போட்டுப் படித்தேன். "சேவை மையத்தைத் தொடர்பு கொள்ளவும்" என்று இருந்தது. சரி, தொடர்பு கொள்வோம் என்று வாரண்டி அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

அந்த அனுபவத்தை என்னவென்று சொல்வது! இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே போயிற்று. தமிழ் வருவதற்குள் கையில் இருந்த குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. பிறகு பாட்டு. பத்து நிமிஷம் பாட்டுக் கேட்டபின் ஒரு பையன் வந்து, "சீரியல் நம்பர் சொல்லுங்க மேடம்" என்றான். அது மெஷினுக்குப் பின்பக்கம் ஒட்டியிருக்கிறது. மெஷினோ சுவரோடு ஒட்டி நிற்கிறது. நகர்த்தி, டார்ச் அடித்து, குனிந்து பார்த்துவிட்டு வந்தால், லைன் கட்டாகிவிட்டது.

மறுநாள் ஒருவழியாகப் புகார் பதிவாயிற்று. மதுரையிலிருந்துதான் ஆள் வர வேண்டுமாம். மூன்றாம் நாள் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. ஆள் வரும் நேரமாக்கும் என்று ஆசையாகத் திறந்தால், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள்! மெஷினுக்குள் துணி ஊறி நாறிக்கொண்டிருக்கிறது, நான் நட்சத்திரம் தர வேண்டுமாம்.

இந்தக் கோபத்தில்தான், சகோதரிகளே, நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தான்

மறுபடி அந்தப் பாட்டைக் கேட்கப் பொறுமை இல்லை. கம்பெனி பெயரையும் 'கஸ்டமர் கேர் திண்டுக்கல்' என்றும் போனில் தட்டித் தேடினேன். முதலிலேயே ஒரு நம்பர் வந்தது. கம்பெனியின் பெயர், படம் எல்லாம் அச்சாக அப்படியே. போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நிஜமான கம்பெனி எந்தக் காலத்தில் முதல் மணியில் போனை எடுத்தது? ஆனால் மூன்று நாளாக யாரும் காது கொடுத்துக் கேட்காத பேச்சை ஒருவன் கேட்கிறான் என்றதும் மனசு இளகிவிட்டதே! "அச்சச்சோ, சின்னப் பிள்ளை இருக்கிற வீடா மேடம்? இன்னிக்குச் சாயங்காலமே ஆள் அனுப்புறேன்" என்றான். என் சொந்தத் தம்பி பேசுவது போல இருந்தது.

"பதிவுக் கட்டணம் 10 ரூபாய் மட்டும் கட்டிடுங்க மேடம். வாட்ஸப்பில் ஒரு ஆப் அனுப்புறேன், அதில் போட்டுடுங்க" என்றான். வந்த ஆப்பைத் தொட்டதும், "இது ஆபத்தாக இருக்கலாம்" என்று போனே ஒரு தடவை சொன்னது. "அது எல்லாத்துக்கும் அப்படித்தான் கேக்கும் மேடம், அனுமதி குடுத்துடுங்க" என்றான். கொடுத்தேன். பெயர், ஊர், மெஷின் என்ன கம்பெனி என்றெல்லாம் கேட்டது. கடைசியில் 10 ரூபாய்க்கு ஏ.டி.எம். கார்டு நம்பர், தேதி, கார்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் கேட்டது. போட்டேன். "ஆச்சு மேடம், அஞ்சு மணிக்கு ஆள் வந்துடும்" என்று வைத்துவிட்டான். அப்போது மதியம் மூன்று மணி.

குழந்தை தூங்குகிறது என்று போனில் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். நாலே முக்காலுக்கு எடுத்துப் பார்த்தால் வங்கியிலிருந்து வரிசையாக மெசேஜ். 19,999 ரூபாய் ஒரு தடவை, 18,500 ரூபாய் ஒரு தடவை. மொத்தம் 38,499 ரூபாய்.

அது சீட்டு எடுத்த பணம். பேத்திக்குப் பெயர் வைக்கும் விசேஷத்துக்கு வெள்ளி அரைஞாணும் தொட்டிலும் வாங்க 42,000 ரூபாய் போட்டு வைத்திருந்தேன். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை.

அந்த ஒரு ராத்திரி

இனிமேல் சொல்லப் போவதைத்தான் எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். பணம் போனதை எழுதுவது சுலபம். அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நம்பருக்கே திரும்பப் போன் போட்டேன். திட்டவில்லை, கெஞ்சினேன். அவனும் கோபப்படவில்லை. "ஏதோ சர்வர் தப்பு மேடம், பணம் திரும்பி வந்துடும். ரீபண்ட் போடணும்னா முதலில் 5,000 அனுப்பணும்" என்றான். என் கணக்கில் 3,501 ரூபாய்தான் மிச்சம் இருந்தது. 5,000 இருந்திருந்தால் அதையும் அனுப்பியிருப்பேன். அந்த நேரத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

என் கணவர் நூற்பாலையில் வேலை பார்க்கிறார். இரவு வந்து சாப்பிட்டார். "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டார். "தலைவலி" என்றேன். "உன்னை யாரு போனை நோண்டச் சொன்னது?" என்ற வார்த்தை வந்துவிடுமோ என்று பயம். மகளிடமும் சொல்லவில்லை, பச்சை உடம்புக்காரி, அழுதால் பால் வற்றிவிடும் என்று எனக்கு நானே ஒரு சாக்கு. ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

விடிந்ததும் மகள்தான் கண்டுபிடித்தாள். காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தேன்! "அம்மா, என்னன்னு சொல்லு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னதும், அவள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. முதலில் என் போனில் நெட்டை அணைத்தாள். அவளுடைய போனிலிருந்து 1930-க்குப் போட்டாள். மணி காலை ஆறரை. பணம் போனது தெரிந்து பதினான்கு மணி நேரம் ஆகப் போகிறது.

1930 என்ற நம்பர்

இந்த நம்பரை நானும் எங்கேயோ பஸ்ஸில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எதற்கென்று தெரியாது. ஆன்லைனில் பணத்தை ஏமாற்றிப் பறித்தால் உடனே சொல்வதற்கென்று மத்திய அரசு 2021-ல் ஏற்பாடு செய்த உதவி எண் இது. முதலில் 155260 என்று இருந்தது. பிறகு ஞாபகத்தில் நிற்கிற மாதிரி 1930 என்று மாற்றினார்கள். போன் போட்டால் நம் கணக்கு விவரம், பணம் போன தேதி, நேரம், தொகை, மெசேஜில் இருக்கும் பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்கிறார்கள். பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் தடுமாற்றம் இல்லை. (என் மகள் பால் கணக்கு நோட்டின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டாள்.) பதிவானதும் ஒரு எண் தருகிறார்கள். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசாங்க வலைத்தளத்தில் முழுப் புகாரையும் எழுத வேண்டும். மாவட்டத்தில் இதற்கென்று இருக்கும் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் நேரில் சொல்லலாம். நாங்கள் அங்கேயும் போனோம்.

அங்கே இருந்த இளவயதுக் காவலர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். நான் ஏற்றிய ஆப், போனுக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்கு வந்த எஸ்.எம்.எஸ். அத்தனையையும் அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததாம். கார்டு விவரத்தை நானே கொடுத்துவிட்டேன், ஓ.டி.பி.யை ஆப் கொடுத்துவிட்டது. "யாருக்கும் ஓ.டி.பி. சொல்லாதீங்க" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? நானும் சொல்லவில்லையே! சொல்லாமலே போய்விட்டது.

பணம் போகிற வழியையும் சொன்னார். எடுத்த பணம் ஒரே இடத்தில் நிற்காதாம். ஒரு கணக்கிலிருந்து நாலு கணக்கு, நாலிலிருந்து இன்னும் பல என்று பிரிந்துகொண்டே போய், கடைசியில் ஏதோ ஒரு ஊர் ஏ.டி.எம்.மில் ரொக்கமாக வெளியே வந்துவிடும். ரொக்கமானால் பிடிக்க முடியாது. அதற்கு முன் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்தி வைக்கத்தான் 1930. "அன்னிக்குச் சாயங்காலமே சொல்லியிருந்தா நிறைய நிறுத்தியிருக்கலாம்மா" என்றார். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. இருந்தாலும் நெஞ்சில் தைத்தது.

அந்த நடுக் கணக்குகள் யாருடையவை தெரியுமா? பல சமயம் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பிள்ளைகளுடையவை. "உன் அக்கவுண்டைக் கொடு, வந்து போற பணத்துக்குக் கமிஷன் தர்றேன்" என்றால், கைச்செலவுக்கு ஆசைப்பட்டுப் பாஸ்புக்கையும் கார்டையும் கொடுத்துவிடுகிறார்களாம். போலீஸ் வந்து நிற்பது அந்தப் பிள்ளை வீட்டு வாசலில். காலேஜ் போகிற மகனோ மகளோ உள்ள சகோதரிகள் இதைக் காதில் போட்டு வையுங்கள்.

வங்கிக்கும் போனோம். கார்டை நிறுத்தினார்கள். பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் அனுப்பிய சுற்றறிக்கையைச் சொன்னார் அதிகாரி. நம் மேலும் தப்பில்லாமல், வங்கி மேலும் தப்பில்லாமல், வேறு எங்கோ நடந்த கோளாறால் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனால் விவரத்தை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் நம் தலையில். சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். இது அந்தச் சுற்றறிக்கையின் சாரம். நல்லவேளை, கணக்கில் மிச்சம் பெரிதாக இல்லாததால் ராத்திரியில் மேற்கொண்டு எதுவும் போகவில்லை.

இது ஒன்றும் புது வித்தை இல்லை என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. போன் திரையை அடுத்தவன் பார்க்கும்படி செய்யும் ஆப்பை ஏற்றச் சொல்லிப் பணம் எடுக்கிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. 2022-ல் அவர்கள் வெளியிட்ட விழிப்புணர்வுப் புத்தகத்தில், தேடினால் கிடைக்கும் போலிக் கஸ்டமர் கேர் நம்பரைப் பற்றியே தனியாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அடுப்படியில் நிற்கிற நமக்கு ரிசர்வ் வங்கிப் புத்தகம் எங்கே வந்து சேருகிறது?

அவரும் ஒளித்திருக்கிறார்!

கணவரிடம் எப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். மகள்தான் சொன்னாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "ராத்திரியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அவ்வளவுதான்.

அன்று மாலை, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது பின்னாலேயே வந்து, "நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார். 2022-ல், "போன மாத மின்சார பில் கட்டவில்லை, இன்றிரவு ஒன்பதரை மணிக்குக் கரண்ட்டை நிறுத்திவிடுவோம், இந்த நம்பருக்குப் பேசுங்கள்" என்று ஊரெல்லாம் ஒரு மெசேஜ் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மின்வாரியமே அது பொய் என்று அறிவித்தது. இவர் அந்த நம்பருக்குப் பேசி 2,000 ரூபாய் இழந்திருக்கிறார்! மூன்று வருஷமாக என்னிடம் மூச்சு விடவில்லை. "நீ சிரிப்பேன்னுதான்" என்றார். நம் ஊரில் கரண்ட் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதானே எடுக்கிறார்கள், 'போன மாத பில்' எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். "அதான் உன்கிட்ட அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்றார். பல நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தோம். ஆனால் அன்றைக்கே அவர் சொல்லியிருந்தால், இந்த மாதிரி ஒரு நம்பர் வலை இருக்கிறதென்று எனக்கும் தெரிந்திருக்குமே!

எங்கள் தெருவில் என் மதினி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒரு சேலை ஆர்டர்ல 1,800 போச்சு மதினி, அங்கிட்டு எங்கேயும் சொல்லிடாதீங்க" என்றாள். எத்தனை வீட்டில் இப்படி இருக்கிறதோ. பூட்டுக்குப் பேர் போன ஊர் எங்கள் ஊர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. வீட்டைப் பூட்டுகிற நமக்கு வாயையும் இறுகப் பூட்டிக்கொள்ளத் தெரிந்திருக்கிறது, திருடனுக்கு வசதியாக.

நிஜ நம்பர் எங்கே இருக்கிறது?

பொருள் வாங்கிய பில்லில் இருக்கிறது, வாரண்டி அட்டையில் இருக்கிறது, பெட்டியின் மேல் இருக்கிறது. இது எதுவும் கைக்குக் கிடைக்கவில்லையா, பொருள் வாங்கிய கடைக்காரரைக் கேளுங்கள். தேடினால் முதலில் வருவதெல்லாம் உண்மை என்று நினைத்தது என் தப்பு. யார் வேண்டுமானாலும் ஒரு பெயரைப் போட்டு நம்பரை ஏற்றிவிட முடிகிறது. நான் இப்போது மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், கேஸ், வங்கி எல்லாவற்றின் நம்பரையும் அட்டைகளைப் பார்த்து எழுதி, அரிசி டிரம்முக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே 1930.

நிஜக் கம்பெனி ஆள் அனுப்பாமல் இழுத்தடித்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. நான் 1915-ல் சொன்னேன். அடுத்த வாரமே கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். ஆனால் அதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது!

எப்படி என்கிறீர்களா? மெஷின் வாங்கிய கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். உள்ளூர் மெக்கானிக் ஒருவரை அனுப்பினார். வந்தவர் முன்பக்கம் கீழே மூலையில் இருந்த ஒரு சின்னக் கதவைத் திறந்தார். அப்படி ஒரு கதவு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு தட்டை வைத்து, திருகை மெதுவாகத் திருப்பினார். நாற்றத் தண்ணீர் கொட்டியது. கூடவே, தண்ணீர் வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டிருந்த ஒரு குட்டி சாக்ஸ். பேத்தியுடையது. கால் விரல் அளவுதான் இருக்கும்.

"முன்பக்கக் கதவு வச்ச மெஷின்ல மாசம் ஒரு தடவை இதைத் திறந்து சுத்தம் பண்ணுங்கம்மா. பிளக்கைப் பிடுங்கிட்டு, தண்ணி ஆறினதுக்கு அப்புறம் திறக்கணும். பிள்ளைத் துணியை வலைப்பையில போட்டுத் துவைங்க" என்றார். கூலி 250 ரூபாய்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைசியாகப் போய்ச் சேர்ந்த ஒரு கணக்கில் 11,200 ரூபாய் மட்டும் எடுக்கப்படாமல் நின்றிருந்தது. அதை நிறுத்தி வைத்தார்கள். பல தடவை நடந்து, கையெழுத்துகள் போட்டு, நாலரை மாதம் கழித்து அது என் கணக்குக்குத் திரும்பி வந்தது. வந்த அன்றே பேத்திக்கு வெள்ளி அரைஞாண் வாங்கிவிட்டோம். விசேஷம் முடிந்து, பிள்ளை குப்புற விழ ஆரம்பித்த பிறகு வந்த அரைஞாண். மீதி 27,299 ரூபாய்க்கு இன்னும் தகவல் இல்லை. மாதம் ஒரு தடவை, சம்பள நாளுக்கு மறுநாள், புகார் எண் எழுதிய அந்தப் பால் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு நானும் இவரும் சேர்ந்தே போய்க் கேட்டுவிட்டு வருகிறோம்.